பயந்தாங்கொள்ளி வாப்பாவும் ஒன்றேகால் கெஜத் துணியும்

மகளே,

நேற்று மத்தியானம் கடையில் வைத்து என் மானம் போய்விட்டது. அதை நானே உனக்குச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பித்தான் கடை டோ மியா வாய்வழியாக வந்தால் அது இன்னும் நாலு கெஜம் நீண்டுபோயிருக்கும். சாப்பாட்டு நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, மின்சாரமும் இல்லை. வாங்க வருகிறவர்கள் துணியை மேலே வைத்துப் பார்க்க ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறோமே, அதன் முன்னால் நின்றுகொண்டு உன் சாம்பல் நிறத் தலைத்துணியை நான் என் தலையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரிஸில் வேலைக்குப் போகிற சில பெண்கள் துணியைக் கழுத்துக்குப் பின்னால் முடிந்து, மேலே ஒரு தொப்பியும் வைத்துக்கொள்வார்கள், அது மார்க்கமா நாகரிகமா என்று யாருக்கும் பிடிபடாது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார் அல்லவா? முப்பத்தைந்து வருஷம் துணி வெட்டிய கைக்கு அப்படி ஒரு மடிப்பு தெரியாமலா போய்விடும் என்று நினைத்தேன். முதல் மடிப்பில் பல்வலிக்காரன் மாதிரி இருந்தேன். இரண்டாவதில் பர்மாக்காரக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி. மூன்றாவது மடிப்பில் த்வாண்டே ஊரிலிருந்து படகில் மண்பானை கொண்டுவந்து விற்கிற அம்மாவைப் போல, தாடியோடு, நின்றுகொண்டிருந்தபோதுதான் குண்டூசி கேட்டு டோ மியா உள்ளே வந்தார். அவரும் அசையவில்லை, நானும் அசையவில்லை. பிறகு, "ஆகோ, வீட்ல யாருக்காவது சொகமில்லையா, இல்ல உங்களுக்கா?" என்று கேட்டார். ஆகோ என்றால் அண்ணன், பர்மிய மொழியில் அது இன்னும் மரியாதையாக இருந்தது. அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது.

இந்நேரம் பபேடான் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் முடிச்சை அவிழ்க்கும்போது என் விரல் நடுங்கியதை டோ மியா பார்க்கவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது அந்த நடுக்கத்தைத்தான், மகளே. அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நீ மாப்பிள்ளையிடம் பாரிஸுக்கு விமானம் ஏறுகிறாய். அந்த நாள் குறித்ததிலிருந்து எனக்கு வயிற்றில் ஏதோ ஒன்று கட்டிக்கொண்டு கிடக்கிறது. மோர் குடித்தேன், போகவில்லை. வைத்தியரிடம் போனேன், வாயு என்றார். வாயு இல்லை என்று எனக்குத் தெரியும். பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் உம்மா பெட்டியில் மாசிக் கருவாட்டை எங்கே ஒளித்து வைப்பது என்று அல்லாடிக்கொண்டிருந்தபோது, நீ நாலு தலைத்துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். "வாப்பா, நேராச் சொல்லுங்க. நான் இத கட்டிட்டுப் போவவா, வேணாமா? உம்மா ஒண்ணு சொல்றாங்க, அவுக ஒண்ணு சொல்றாக, மாமி ஒண்ணு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "துணிக்கடைக்காரன்ட்ட வந்து துணி வேணுமா வேணாமான்னு கேக்குறியே, அவன் ரெண்டு கெஜம் சேத்து வாங்கிக்கன்னுதான் சொல்லுவான்" என்றேன். உம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. நாலு துணியையும் பெட்டியில் வைத்தாய், இரண்டை வெளியே எடுத்தாய், திரும்பவும் உள்ளே வைத்தாய். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டேன். அஸர் தொழுகைக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பாங்கு சொல்கிற மோதினாரே கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதப் பார்க்கிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். பில் எழுதிப் பழகிய கை இது, கடிதம் எழுதிப் பழகியது இல்லை. எங்காவது சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வாப்பா நாகூரிலிருந்து கப்பலேறி ரங்கூனுக்கு வந்தார். மாப்பிள்ளையுடைய பாட்டனார் பக்கத்து ஊரான காரைக்காலில் பிறந்தார். நடந்தே போய்விடலாம், அவ்வளவுதான் தூரம். ஆனால் எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் கொடி, அவர்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் கொடி. அந்தக் கொடிக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவருடைய பேரன் இன்றைக்குப் பாரிஸில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். இந்தக் கொடிக்குக் கணக்கு எழுத வந்தவருடைய மகன் இங்கே மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை நிக்காஹ்வுக்கு வந்து இருபது நாள் இங்கே தங்கியிருந்தபோது கவனித்தேன். உன்னிடம் ஒன்று கேட்டால் நீ பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறார். எனக்கு அது வராது. உன் உம்மாவைக் கேட்டுப் பார்.

ஆனால் அவர் போனில் சொன்ன ஒரு விஷயம் என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டது. அவருடைய தங்கை, உன் நாத்தனார், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அது அரசாங்கத்தைச் சேர்ந்த இடம். தலைத்துணி கூடாது. தினமும் காலையில் வாசலில் நின்று ஊசியைக் கழற்றி, துணியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போவாளாம். சாயங்காலம் அதே வாசலில் நின்று திரும்பக் கட்டிக்கொண்டு வருவாளாம். நாலு வருஷமாக. அதுகூடப் போகட்டும். ஒருநாள் ரயில் நிலையத்தில் பின்னாலிருந்து ஒருவன் வந்து துணியைப் பிடித்து இழுத்துவிட்டு அவன் பாட்டுக்கு நடந்து போயிருக்கிறான். ஓடவில்லை, மகளே, நடந்து போயிருக்கிறான். ஊசி கீறிக் கழுத்தில் ரத்தம். நடைமேடை முழுக்க ஜனம், யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வயதான அம்மா மட்டும் துணியைப் பொறுக்கித் தூசி தட்டிக் கொடுத்தாராம். மாப்பிள்ளை இதை மழை பெய்தது என்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனார். நானும் "ஓ, அப்புடியா" என்றுவிட்டு அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். போனை வைத்த பிறகு ஒரு பெண்ணுக்கு மூன்று கெஜம் வெட்ட வேண்டிய இடத்தில் இரண்டே முக்காலில் கத்தரியை வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை நீ பிறந்த அன்றைக்கு.

அதற்குப் பிறகு அந்த நாட்டைப் பற்றி யார் பேசினாலும் என் காது அங்கே போய்விடுகிறது. டீக்கடை ரேடியோவில் கேட்கிறேன், பழைய பேப்பரில் படிக்கிறேன், தெரிந்தவர்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையில் துணி போடக்கூடாது என்று சட்டம் வந்து சில வருஷமாகிவிட்டது. இப்போது முகத்தை மூடிக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது என்று இன்னொன்று வரப்போகிறதாம். நம்மில் யாரும் முகத்தை மூடுவதில்லை என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆனால் தெருவில் போகிறவன் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தா கோபப்படுவான்? முகம் என்று சட்டம் சொன்னால் தலை என்று அவன் கேட்டுக்கொள்வான். பெரிய பெரிய மனிதர்கள் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். பெண்களை விடுதலை செய்கிறோம் என்கிறார்கள். இன்னொரு பக்கம் வேறு நாடுகளில் அதே துணியைப் போட்டே ஆக வேண்டும் என்று பிரம்போடு நிற்கிறவர்கள், பெண்களைப் பாதுகாக்கிறோம் என்கிறார்கள். நான் வாழ்நாள் முழுக்கத் துணி விற்றவன். ஒன்றேகால் கெஜம், சாதா வாயில் ரகத் துணி, ஓரம் அடிக்க நாலு நிமிஷம். இதற்கு இவ்வளவு பேச்சா என்று சிரிக்கத்தான் பார்த்தேன். அந்தத் துணிக்குள்ளே உன் தலை இருக்கிறதே என்று நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

போன வருஷம் குளிர்காலத்தில் நம் கடைக்கு வந்த அந்தப் பிரெஞ்சுக்காரப் பெண்மணி உனக்கு ஞாபகம் இருக்கும். வெயிலுக்குத் தலையில் கட்ட ஒரு பருத்தித் துணி வேண்டும் என்று வழிகாட்டியோடு வந்தார். நீதான் எடுத்துக் காட்டினாய், நீதான் கட்டியும் விட்டாய், உன்னுடையது மாதிரியே. கண்ணாடியில் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு உன்னைப் பார்த்து மெதுவாக, ரொம்பக் கனிவாக ஏதோ கேட்டார். இந்தப் பெண் தானாகக் கட்டுகிறாளா, அப்பா கட்டச் சொன்னாரா என்று கேட்கிறார் என்று வழிகாட்டி சங்கடத்தோடு சொன்னான். அப்பா ஒரு முழ தூரத்தில், கையில் கத்தரியோடு, இளித்துக்கொண்டு நிற்கிறேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வாப்பா பால் குடின்னு சொன்னதையே நான் கேட்டதில்லேன்னு சொல்லுங்க. அவங்களுக்கு யாரு கட்டிவிட்டான்னும் கேளுங்க" என்றாய். வழிகாட்டி முதல் பாதியை மட்டும் சொன்னான் என்று நினைக்கிறேன். அந்த அம்மா சிரித்து, உன் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. உன்மேல் உண்மையான அக்கறை இருந்தது. ஆனால் அதே துணி அவர் தலையில் இருந்தால் வெயிலுக்கு, உன் தலையில் இருந்தால் அப்பாவுக்கு. அவர் ஊருக்குத்தான் நீ போகிறாய். கோபக்காரர்களைப் பற்றி மட்டும் எனக்குப் பயம் இல்லை, கனிவோடு கேட்கிறவர்களுக்கும் தினம் தினம் நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அது எவ்வளவு அலுப்பு.

அன்றைக்கு நீ சொன்ன பதிலை நான் மூன்று மாதம் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லி முடித்ததும் கேட்டவர்கள் முகத்தை மட்டும் பார்க்கமாட்டேன். ஏனென்றால் நீ எனக்காகக் கொஞ்சம் பொய் சொன்னாய். துணி விஷயத்தில் நான் உன்னை விட்டுவைக்கவே இல்லை. பதினைந்து வயதில் நீயாகத்தான் கட்ட ஆரம்பித்தாய், அது உண்மை. வெள்ளிக்கிழமைப் பாடத்துக்குப் போய்வந்து, உம்மாவின் முக்காட்டைப் போல நழுவாமல் நிற்க வேண்டும் என்று ஊசி கேட்டாய். ஆனால் அதற்குப் பிறகு இழு, தளர்த்து, முன்னால் விடு, பின்னால் தள்ளு என்று நான் சொன்னது எத்தனை தடவை. அதில் ஒருமுறைகூட மார்க்கத்துக்காகச் சொன்னதில்லை, உனக்காகவும் சொன்னதில்லை. யாரைப் பார்த்துப் பயந்தேனோ அவர்களுக்காகச் சொன்னேன்.

பதினெட்டு வயதில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனோமே, தின்கன்ஜூனில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டுடியோவுக்கு. அட்டைப் படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும். எல்லாருக்கும் அதுதான் விதி, நம் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். துணியைக் கழற்றாமல் காதை மட்டும் வெளியே விட்டு எடுத்தால் அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வார்களா, ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்று. ரொம்ப அமைதியாகத்தான் கேட்டாய். படம் எடுப்பவரும், கேட்டுப் பாருங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றார். வரிசையில் நமக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் நம்மைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், எனக்கு வியர்த்துவிட்டது. கேள்வி கேட்கிற குடும்பம் என்று யாராவது குறித்து வைத்துக்கொள்வார்களோ என்று நினைத்தேன். இந்த ஊரில் வளர்ந்தவன் என்ன நினைப்பான் என்று உனக்குத் தெரியும். எண்பத்தெட்டில் தெருவெல்லாம் சுட்ட சத்தம் கேட்டபோது நீ கைக்குழந்தை. அழாமல் இருக்க உன் வாயில் சீனித் துணியை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் உயிரோடு இருப்பது என்று அன்றைக்கே என் உடம்பில் ஏறிவிட்டது. அதனால் சிரித்துக்கொண்டே, "என்ன பெரிய விஷயம், எடும்மா" என்று சொல்லி, என் கையாலேயே உன் ஊசியைக் கழற்றித் துணியை இழுத்துவிட்டேன். ஊசியைச் சரியாகக் கழற்றவில்லை. நீ "ஸ்" என்றாய். படத்தில் உன் இரண்டு காதும் நன்றாகத் தெரிகிறது. கண்ணைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ரயில் நிலையத்தில் அவன் இழுத்தான் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு வேறு யார் கையும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. மாப்பிள்ளையின் உம்மா உன்னைப் பார்க்க வருகிறார் என்றதும் நான் என்ன செய்தேன்? காரைக்கால் குடும்பம், பாரிஸ் குடும்பம், ஒருவேளை ரொம்பக் கட்டுப்பாடாக இருப்பார்களோ என்று பயந்து, உன்னை ஒரு கறுப்புப் பர்தாவுக்குள் போட்டேன். அதை நீ அதற்கு முன்பும் போட்டதில்லை, பிறகும் போடவில்லை. கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசாதே, பர்மாக்காரி மாதிரி தெரியும் என்றேன். அந்த அம்மா வந்தார், சாதாரணச் சேலையில், முக்காடு பாதித் தலையில் நழுவிக்கொண்டு. வந்ததும் "புள்ளைக்கு என்ன, காய்ச்சலா, இப்புடிப் போத்திக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். நீ சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் தேத்தண்ணீர் தட்டு குலுங்கியது. அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். இன்றைக்கு யோசித்தால், ஸ்டுடியோவில் இழுத்த அதே கைதான் இங்கே போர்த்தியது. விடுதலை என்பவர்களும் பாதுகாப்பு என்பவர்களும் ரேடியோவில் சண்டை போடுவதைக் கேட்டு நான் சிரித்தேனே, அந்த இரண்டு பேரும் நம் வீட்டில் ஒரே ஆளாக, ஒரே கைலியைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இதுவரை எழுதியதெல்லாம் நீ அறிந்ததுதான். இனி எழுதப் போவதும் உனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீயும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. இங்கே வரை வந்து, பேனாவை வைத்துவிட்டு இரண்டு வாடிக்கையாளர்களுக்குத் துணி வெட்டிக் கொடுத்தேன். யாராவது இன்னும் ஒருவர் வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன். வரவில்லை.

உனக்கு அப்போது பதினாறு. வடக்கே ஏதோ ஓர் ஊரில் பள்ளிவாசலுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று வதந்தி. உண்மையா பொய்யா என்று கேட்க ஆள் இல்லை, பேப்பரில் ஒரு வரி இல்லை. ஒரு வாரமாக நம் ஆட்கள் யாரும் தொப்பி போட்டு வெளியே போகவில்லை. கடையை ஒரேயடியாக மூடினால் அதுவும் சந்தேகம், அதனால் அரைக்கதவு திறந்து வைத்திருந்தோம். அன்றைக்கு உம்மாவுக்கு உடம்பு முடியாததால் நீ என்னோடு கடைக்கு வந்தாய். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, துணி வேண்டாம், தலையைப் பின்னி ஒரு பூ வைத்துக்கொள், பர்மாக்காரப் பிள்ளை மாதிரி வா என்றேன். நீ, "நான் தனியா ஒண்ணும் போவலியே வாப்பா, ஒங்க கூடதான வர்றேன்" என்றாய். வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு செருப்பை மாட்டினாய். நான் என் தொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தில் உனக்கு இடம் கிடைத்தது. நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உம்மா பர்மாக்காரி என்பதால் மூக்கும் கண்ணும் எனக்கு இந்த ஊர்தான். தொப்பி இல்லாவிட்டால் என்னைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. நீ உன் உம்மாவை உரித்து வைத்தவள், நாகூர் முகம். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மூன்று பேர் ஏறினார்கள். குடித்திருந்தார்கள் என்று சொல்லலாம், ஆனால் குடிக்கவில்லை. நல்ல சட்டை போட்ட, வேலைக்குப் போகிற ஆட்கள். உன்னைப் பார்த்துவிட்டு, உனக்குக் கேட்கும்படி பேச ஆரம்பித்தார்கள். கலா என்றார்கள், நம்மைத் திட்டும்போது சொல்வார்களே, அப்படி. அந்தத் துணிக்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறாள் என்றான் ஒருவன். அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றான் இன்னொருவன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். கம்பியைப் பிடித்திருந்த உன் கை மட்டும் வெளுத்திருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் மடியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், எனக்கு மடி இல்லை, நின்றுகொண்டிருந்தேன், என் செருப்பைப் பார்த்தேன்.

பிறகு நீ ஒரு தடவை திரும்பினாய். என்னைத்தான் பார்த்தாய். அதை அவர்களில் ஒருவன் கவனித்துவிட்டான். என் தோளைத் தொட்டு, மரியாதையாகவே, "ஊலே, அந்தப் பொண்ணு ஒங்களோட வந்ததா?" என்று கேட்டான். ஊலே என்றால் மாமா. கெட்டவன் என்று சொல்ல முடியாத குரல். ஒருவேளை ஆமாம் என்று சொல்லியிருந்தால் சும்மா போயிருப்பானோ என்னவோ. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அது போதாது என்று தோன்றி, வாயாலும் சொன்னேன். நல்ல சுத்தமான பர்மிய மொழியில், "இல்ல தம்பி, யாருன்னு தெரியாது" என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் சூலே பக்கம் இறங்கிப் போய்விட்டார்கள். நம் நிறுத்தம் வந்தது. நீ முன்வாசல் வழியாக இறங்கினாய், நான் பின்வாசல் வழியாக. பத்தடி இடைவெளி விட்டு நடந்தோம். தெரு முனை திரும்பினதும் நான் வேகமாக நடந்து உன்னோடு சேர்ந்துகொண்டேன். கடையைத் திறந்ததும் பெருக்கினாய், தண்ணீர் தெளித்தாய், எனக்குத் தேத்தண்ணீர் வாங்கி வந்து வைத்தாய், சீனி குறைவாக, நான் குடிக்கிற மாதிரி. அந்தத் தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். உனக்குக் கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டிருக்காது என்று கொஞ்ச நாள் நம்பினேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வரை நீ பஸ்ஸில் என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கட்டு என்று நான் எப்படிச் சொல்வேன்? கட்டு என்கிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கட்டாதே என்றும் எப்படிச் சொல்வேன்? அது உன் உயிரை நினைத்துச் சொன்னதா, என் நடுக்கத்தை நினைத்துச் சொன்னதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆகவே என் பதில் இவ்வளவுதான். நீ கட்டிக்கொண்டு நடந்தாலும் சரி, அந்த ஊர்க் காற்றில் தலையை விட்டுக்கொண்டு நடந்தாலும் சரி, ஒரு வருஷம் கட்டி ஒரு வருஷம் விட்டாலும் சரி, போனில் உன் தலையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. உம்மா கேட்டால் போனை நான் வாங்கிக்கொள்வேன். பயந்து கழற்றினால் அதைப் பாவம் என்று யாராவது சொன்னால், என் வாப்பா இருபது வருஷமாகத் தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர், முதலில் அவரைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடு. பயப்படாமல் கட்டினால் அந்தத் தைரியம் நான் கொடுத்தது இல்லை. அதனால் எனக்கு அதில் பெருமைப்பட உரிமையும் இல்லை. ஆனாலும் பட்டுக்கொள்வேன்.

இரண்டொரு சின்ன விஷயம், துணிக்கடைக்காரன் சொல்கிறதாக மட்டும் எடுத்துக்கொள். ஊசி வேண்டாம். பின்னாலிருந்து இழுத்தால் கீறாத மாதிரி, காதுக்குப் பின்னால் சின்னப் பித்தான் வைத்து நாலு துணியையும் தைத்து வைத்திருக்கிறேன், டோ மியா கடைப் பித்தான்தான். எவனாவது பிடித்தால் துணி அவனோடு போகட்டும், நீ பிடிக்காதே. கழுத்து என்னிடம் வாங்கக் கிடைக்காது, துணி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புகிறேன். ரயிலில் பெண்கள் பக்கத்தில் நில். வேலை கிடைத்து, உன் நாத்தனார் மாதிரி வாசலில் நின்று கழற்ற வேண்டி வந்தால், அவசரமில்லாமல் நின்று மடி. யாருக்கும் முதுகைக் காட்டாதே, தலையைக் குனியாதே. மாப்பிள்ளையைச் சில நாள் வாசல் வரைக்கும் வரச் சொல். அவர் வருவார். அவர் என்னைப் போல இல்லை.

விமான நிலையத்தில் நான் ஏதாவது வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருப்பேன், பெட்டியின் கனத்தைப் பற்றி, கருவாட்டு வாசனையைப் பற்றி. அதை வைத்து இவருக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதே. சோதனை முடிந்து நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அந்த ஊரில் ஏதோ ஒரு பஸ்ஸில், ஏதோ ஒரு ரயிலில், எவனோ ஒருவன் உன்னைக் காட்டிப் பக்கத்தில் நிற்கிறவனிடம் இது யார் என்று கேட்பான். அப்போது நான் அங்கே இருக்கமாட்டேன். இருந்தபோதே இல்லாதவன்.

அன்றைக்கு அவன் என் தோளைத் தொட்டுக் கேட்டதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. பர்மிய மொழியிலும் தமிழிலும் அதைச் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸிலும் சொல்லவில்லை, இறங்கி நடந்தபோதும் சொல்லவில்லை, இந்த ஆறு வருஷத்தில் உன்னிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆமா தம்பி, அது என் மக. என்னோடதான் வந்தா.